மணலில் இருந்த முகம்

செந்தேரி விடுதியில் சாப்பாட்டு மேசைக்கு முன்பதிவு செய்யும்போது முதலில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அடுத்து சைவமா அசைவமா என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு, எந்த ஆண்டு வேண்டும் என்று கேட்பார்கள்.

பெரும்பாலானவர்கள் ஆண்டைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை. கூட்டமாக இருந்த ஏதாவது ஓர் ஆண்டைப் போடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். விடுமுறைக்கு வந்தவர்களுக்குக் கலகலப்பு வேண்டும். அவர்கள் பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசைகளில் சாம்பல் நிற உருவங்கள் வந்து உட்காரும். சத்தமில்லாமல் வாயசைத்துப் பேசும், சிரிக்கும், பிள்ளைகளை அதட்டும். அந்த உருவங்களுக்கு உரியவர்களில் பாதிப் பேர் எப்போதோ இறந்துபோயிருந்தார்கள். அதனால் யாருக்கும் பசி கெட்டதில்லை.

சுடர்க்கனி அப்படி ஏதோ ஓர் ஆண்டைக் கேட்கவில்லை. ஓர் ஆண்டையும் அந்த ஆண்டின் ஒரு குறிப்பிட்ட மாலையையும் கேட்டாள். ஒற்றைப் பனைக்குக் கீழே உள்ள மேசைதான் வேண்டும் என்றாள். அந்த மேசையடியில் அந்த மாலையின் மணல் அடுக்கு இன்னும் வாசிக்கப்படாமல் கிடக்கிறது என்று விடுதியிலிருந்து பதில் வந்த அன்று, அவள் அலுவலகத்திலேயே அழுதுவிட்டாள்.

அவளும் அவள் கணவன் தவசிமுத்துவும் தூத்துக்குடிக் கடலில் மிதக்கும் மிதவைக்குடி என்ற நகரத்தில் குடியிருந்தார்கள். பழைய ஊரைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு கட்டப்பட்ட நகரம் அது. கிழக்கே கடல் ஏறிவந்த அதே காலத்தில் மேற்கே தேரி வளர்ந்தது. ஒரு காலத்தில் சில ஊர்களை ஒட்டிக் கிடந்த செம்மணல் காடு, மழை பொய்த்த வருடங்களில் தோட்டங்களையும் சாலைகளையும் விழுங்கிக்கொண்டே போய் இப்போது பெரும் பாலைவனமாகக் கிடந்தது. தண்ணீரையே பார்த்துச் சலித்த மிதவைக்குடிக்காரர்கள் விடுமுறை என்றால் தேரிக்குத்தான் போவார்கள்.

முதல் நாள் பகலில் இருவரும் மற்றவர்களைப் போல ஊர் சுற்றிப் பார்த்தார்கள். மணலோடி என்கிற அகலச் சக்கர வண்டி அவர்களைப் புதைந்த காற்றாலைகளுக்கு அழைத்துப் போனது. மணலுக்குள் இடுப்பளவு, கழுத்தளவு என்று மூழ்கிய காற்றாலைகள். சிலவற்றில் ஓர் இறக்கை மட்டும் மணலுக்கு மேலே வந்து, அரைவட்டம் சுற்றி, மறுபடி மணலில் முட்டி நின்றது. வண்டியில் வந்த எல்லோரும் இறங்கி வரிசையாக நின்று கண்ணை இரண்டு முறை சிமிட்டினார்கள். அந்தக் காலத்தில் விழிப்பதிவி இல்லாதவர்கள் கிடையாது. கண்மணிக்குள் பொருத்தப்பட்ட அந்தச் சிறு கருவி, இரட்டைச் சிமிட்டலில் விழித்துக்கொண்டு பார்ப்பதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளும். சிமிட்டி முடிந்ததும் எல்லோரும் வண்டிக்குத் திரும்பினார்கள்.

சுடர்க்கனி இறங்கவேயில்லை. வயிற்றில் ஐந்து மாதம். தவசி இளநீர் வாங்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இறங்கி ஒரு எட்டு பாத்துட்டு வந்திருக்கலாம்," என்றான்.

"மனசு அங்க இல்லங்க. சாயங்காலத்துலயே நிக்கி."

"இவ்வளவு வருசம் பாக்காம இருந்தாச்சு. இப்பப் பாத்துட்டு, அப்புறம் அதையே நினைச்சுட்டு கெடப்பியோன்னு எனக்குப் பயமா இருக்கு."

அவள் இளநீரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"வயித்துல இது வந்த நாள்லருந்து அம்மா கனவுல வாராவ," என்றாள். "சேலை தெரியுது. கை தெரியுது. தலைமுடி பின்னிப் போட்டிருக்காவ. முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல. தினமும் அதே மாதிரி வந்து நிக்காவ. என்ன செய்யச் சொல்லுதீய?"

தவசி இளநீரை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

அவளுடைய அம்மா வசந்தசெல்வி, சுடர்க்கனி நடை பழகும் முன்னே காய்ச்சலில் இறந்துபோனாள். அம்மாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எடுக்காமல் இல்லை, ஆயிரக்கணக்கில் எடுத்திருந்தாளாம். ஆனால் அக்காலத்து மனிதர்கள் படங்களை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. எங்கோ தொலைவில் இருந்த சேமக்கிடங்குகளில் போட்டுவைப்பார்கள். பெருங்கோடை வந்த ஆண்டில் அந்தக் கிடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தபோது ஒரு தலைமுறையின் கல்யாணங்களும் பிறந்தநாள்களும் ஒரே வாரத்தில் இல்லாமல் போயின. அடையாள அட்டையும் மற்ற தாள்களும் கடலோடு போயின. அப்பா லிங்கதுரை போன வருடம் இறந்தார். கடைசி நாள்களில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு மாலையைப் பற்றித்தான். சுடர்க்கனி வயிற்றில் இருந்தபோது இருவரும் தேரிக்குப் போனார்கள். மணலில் மேசை போட்டிருந்த ஓர் உணவகத்தில், ஒற்றைப் பனைக்குக் கீழே உட்கார்ந்து பரோட்டா தின்றார்கள். "அன்னைக்கு அவ ரொம்பச் சந்தோசமா இருந்தா," என்பார். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். சரியாக நினைவில்லை என்பார்.

அந்த உணவகம் நின்ற இடத்தில்தான் இப்போது செந்தேரி விடுதி இருந்தது.

மாலையில் இருவரும் குளித்து உடைமாற்றிக்கொண்டு சாப்பாட்டுத் திடலுக்குப் போனார்கள். திடலைச் சுற்றியும் மேலேயும் கறுப்புத் துணிக் கூடாரம். உள்ளே மங்கலான சிவப்பு விளக்குகள் மட்டும். பனைமரம் எப்போதோ பட்டுப்போய், அடிமரம் மட்டும் கம்பம் போல நின்றது. பரிமாறி அவர்களை வரவேற்று உட்காரவைத்தது. நான்கு கைகளும் கனிவான குரலும் கொண்ட இயந்திரம் அது.

"முதல் முறை வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் விளக்கத் தொடங்கியது. "மணலில் உள்ள பளிங்குத் துகள், புதையும் நேரத்தில் தன்மேல் கடைசியாக விழுந்த ஒளியைத் தனக்குள் அடக்கி வைத்துக்கொள்கிறது. தேரியில் மாலைக் காற்று பெரும்பாலும் நிற்பதேயில்லை. அதனால் நொடிக்கு நொடி மணல் படிந்து, அன்றைய மாலை முழுவதும் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது. எங்கள் மணல்வாசிப்பி அந்த ஒளியைத் துகளிலிருந்து வெளியே வரவழைத்து உருவமாக அடுக்கிக் காட்டும். ஒளி ஒருமுறை வெளியே வந்துவிட்டால் மறுபடி துகளுக்குள் போகாது. எனவே ஒவ்வொரு மாலையையும் ஒரே ஒரு முறைதான் பார்க்க முடியும்."

"தெரியும்," என்றாள் சுடர்க்கனி.

"இன்னொன்று. விழிப்பதிவிகளை அணைத்து வையுங்கள். அவை தூரத்தை அளக்க ஒரு நுண்கதிரை அனுப்புகின்றன. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மணலில் பட்டால் அந்த இடத்து ஒளி அழிந்துவிடும். இங்கே பார்க்க மட்டும்தான் முடியும்."

இருவரும் பதிவிகளை அணைத்தார்கள். தவசிக்கு அது விசித்திரமாக இருந்தது. பள்ளி நாள்களுக்குப் பிறகு அவன் பார்க்கப்போன எதையும் பதிவி இல்லாமல் பார்த்ததில்லை.

பரோட்டா வந்தது. தவசி சாப்பிடத் தொடங்கினான். அவள் ஒரு துண்டைப் பிய்த்து இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு கை தூரத்தில், வெறும் மணல் பரப்பின் மேல் மெல்லிய புகை போல ஏதோ திரண்டது. முதலில் ஒரு மேசை தெரிந்தது. பிறகு இரண்டு நாற்காலிகள். அப்புறம் இடதுகாலைச் சற்று இழுத்து நடந்து ஓர் இளைஞன் வந்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் கையால் மணலைத் தட்டிவிட்டு, பின்னால் வருகிறவளுக்காக அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா," என்றாள் சுடர்க்கனி. "காலைப் பாருங்க. அப்பாதான்."

லிங்கதுரையின் முகம் துல்லியமாக இருந்தது. மீசையை ஒழுங்காக வெட்டத் தெரியாத வயது. நெற்றியில் வியர்வைகூடத் தெரிந்தது. அவள் பார்த்தறிந்த தளர்ந்த முகத்துக்குள் இப்படி ஒருவன் இருந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து வசந்தசெல்வி வந்தாள். மேடிட்ட வயிறு, முன்னால் எடுத்துப் போட்ட பின்னல், ஒரு கையில் துணிப்பை. மற்றொரு கை முகத்துக்கு நேராக உயர்ந்திருந்தது. அந்தக் கையில் ஒரு சிறு செவ்வகம். கழுத்து தெரிந்தது, காதோரத்து முடி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக அந்தச் செவ்வகம் நின்றது.

அது கைப்பேசி என்பது இருவருக்கும் தெரியும். அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

வசந்தசெல்வி உட்கார்ந்தாள். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அதையே குனிந்து பார்த்தாள். குனிந்த முகத்திலிருந்து தெறிக்கிற ஒளி மடியிலும் மேசையிலும்தான் விழும். மணலுக்கு வராது. மணலுக்கு வராத எதையும் வாசிப்பி காட்ட முடியாது. ஆகவே அவளுடைய தலைக்குக் கீழே ஒரு வெற்றிடம் மட்டும் இருந்தது. லிங்கதுரையோ ஒரு தரமும் குனியவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் அவன் முகத்தின் ஒவ்வொரு அசைவும் மணலில் விழுந்திருந்தது.

"நிமிந்து பாப்பாவ," என்றான் தவசி. "நேரம் இருக்குல்லா. எவ்வளவு நேரந்தான் அதையே பாக்க முடியும்?"

உருவங்களின் மேசைக்குப் பரோட்டா வந்தது. லிங்கதுரை கையை நீட்டினான். வசந்தசெல்வி ஒரு விரலைக் காட்டி அவனை நிறுத்தினாள். எழுந்து நின்று, கைப்பேசியைத் தட்டுக்கு மேலே பிடித்தாள். தட்டைக் கொஞ்சம் திருப்பினாள். மறுபடி பிடித்தாள். லிங்கதுரை கையை மடக்கி வைத்துக்கொண்டு சிரித்தபடி காத்திருந்தான். அவள் உட்கார்ந்ததும் சாப்பிட்டான். அவள் இடது கையில் அதை வைத்துக்கொண்டே வலது கையால் சாப்பிட்டாள். அவன் ஏதோ சொன்னான். அவள் தலையாட்டினாள். அவன் மறுபடி ஏதோ சொல்லி, தானே சிரித்து, சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

அந்த மாலையில் சூரியன் இறங்கும் நேரம் வந்தது. அந்த உருவங்கள் இரண்டும் எழுந்து பக்கத்து மணல்மேட்டுக்குப் போயின. அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து உருவங்கள் நின்றன. எல்லாமே சூரியனுக்கு முதுகைக் காட்டி, ஒரு கையை உயர்த்தி நின்றன. வசந்தசெல்வியும் திரும்பி நின்று கையை உயர்த்தினாள். அவளுக்கும் மணலுக்கும் நடுவே மறுபடியும் அந்தச் செவ்வகம்.

சுடர்க்கனி மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். "அம்மா, இங்க பாரும்மா," என்று மெல்லச் சொன்னாள். "ஒரே ஒரு தடவ."

தவசி அவள் முதுகில் கைவைத்தான். சேலை வியர்வையில் நனைந்திருந்தது.

உருவங்கள் மேசைக்குத் திரும்பின. பரிமாறி ஓசையில்லாமல் வந்து குனிந்து, "இந்த அடுக்கு முடியப்போகிறது. இதற்கு மேல் அன்று காற்று நின்றுவிட்டது," என்றது.

சரியாக அப்போதுதான் லிங்கதுரை நாற்காலியில் நிமிர்ந்தான். சுடர்க்கனி உட்கார்ந்திருந்த பக்கமாக எதையோ பார்த்துவிட்டான். மயிலோ நரியோ, அந்த மாலை அங்கே எது வந்து நின்றதோ தெரியாது. அவன் மனைவியின் முழங்கையைத் தட்டினான். அவள் அசையவில்லை. மறுபடி தட்டினான். அவள் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

சுடர்க்கனி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். இதோ வரப்போகிறது. ஒரு நொடி வரும், போய்விடும். அதன்பிறகு இந்த உலகத்தில் எங்கேயும் இருக்காது. நாளைக்கு எனக்கே மறந்துபோனால்? அப்பாவுக்கு மறந்தது போல? பிறக்கப்போகிற பிள்ளைக்கு எதைக் காட்டுவேன்? ஒரு நொடிதான். ஒரு நொடியில் என்ன அழிந்துவிடும்?

அவள் கண்ணை இரண்டு முறை சிமிட்டினாள்.

வசந்தசெல்வி தலையை உயர்த்தினாள்.

சுடர்க்கனியின் பார்வைக்கு நடுவே, பதிவி விழித்துக்கொள்ளும்போது வழக்கமாக வரும் எழுத்துகள் வந்தன. பதிவு தொடங்குகிறது, பொறுத்திருக்கவும். எழுத்துகள் கலைந்து போனபோது, அம்மாவின் பின்னலும் தோளும் அப்படியே இருந்தன. நடுவில், சீலையில் நெருப்புப் பட்ட இடம் போல ஒரு வெள்ளை ஓட்டை விரிந்துகொண்டிருந்தது.

லிங்கதுரை அந்த ஓட்டையைப் பார்த்துச் சிரித்தான். கன்னம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த எதையோ விரலால் துடைத்துவிட்டான். பிறகு அவனும் அவளும் அந்த மேசையும் எல்லாமே மெல்லத் தேய்ந்து மறைந்தன.

"இந்த அடுக்கு முடிந்தது," என்றது பரிமாறி. "இனி இது வெறும் மணல். இனிப்பு ஏதாவது கொண்டுவரட்டுமா?"

சுடர்க்கனி வேண்டாமென்று கையசைத்து எழுந்தாள். அறைக்கு நடக்கும்போதுதான் கேட்டாள்.

"நீங்க பாத்தீயளா?"

பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த தவசி பார்த்திருந்தான். ஒரு மூச்சு விடும் நேரம்தான். "பாத்தேன்," என்றான்.

"எப்படி இருந்தாவ?"

"நல்லா இருந்தாவ, சுடரு."

"அது வேண்டாம். கண்ணு, மூக்கு எல்லாம் சொல்லுங்க."

அவன் முயன்றான். அகலமான நெற்றி. ஒரு புருவம் மட்டும் ஏறியிருந்தது, தொந்தரவு செய்கிறாயே என்கிற மாதிரி. ஆனால் கோபம் இல்லை, சிரிக்கப்போகிற முகம். மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். மூக்கு கொஞ்சம் பெரிசு. அவள் கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் சேர்த்துப் பார்த்தாள். ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. "வரமாட்டேங்குது," என்று சொல்லி, விடுதி வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். தன் கண்ணாலேயே தன் அம்மாவை அழித்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். அவன் என்ன சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் போட்ட சத்தத்தில் தவசி விழித்துக்கொண்டான். அவள் சுவரில் படத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க. பதிஞ்சிருக்கு. எங்கம்மா பதிஞ்சிருக்காவ."

சுவரில் வசந்தசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னல் அப்படியே இருந்தது, வயிறு இருந்தது. தோள்களுக்கு மேலே ஒரு முகம் இருந்தது. அளவான நெற்றி, சமமான புருவங்கள், வரிசைப் பற்கள். தெளிந்த, அழகான, மாசில்லாத முகம்.

தவசி நேற்றுப் பார்த்த முகம் அதுவல்ல. ஆனாலும் அவனுக்கு மிகவும் பழகிய முகம்தான். தினமும் காலையில் பல் துலக்கியபடி அவன் எதிரே வந்து நிற்கிற முகம்.

விழிப்பதிவிகளுக்குத் தன்திருத்தம் என்று ஒரு குணம் உண்டு. காட்சியில் எங்காவது கறை, இடைவெளி, கூட்டத்தின் மறைப்பு என்று இருந்தால் அவை தாமாகவே நிரப்பிக்கொள்ளும். யாரும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. எல்லோருடைய விடுமுறைப் படங்களிலும் வானம் நீலமாகவும் கடற்கரை காலியாகவும் இருப்பது அப்படித்தான். ஒரு பெண்ணின் தோளுக்கு மேலே ஓர் ஓட்டையைக் கண்டதும், சுடர்க்கனியின் பதிவி தான் அதிகம் பார்த்திருந்த பெண் முகத்தைத் தேடி எடுத்திருந்தது. அது கண்ணாடிகளிலும், கையை நீட்டிப் பிடித்த எண்ணற்ற படங்களிலும் பார்த்திருந்த அவளுடைய சொந்த முகம். அதை நேர்த்தியாக்கி, சாம்பல் நிறமேற்றி, ஓட்டையில் பொருத்திவைத்திருந்தது.

தவசி வாயைத் திறந்தான். அவள் சுவரோடு சாய்ந்து, படத்தின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பல மாதங்களாக அவள் முகத்தில் இல்லாத ஓர் அமைதி இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மிதவைக்குடிக்குத் திரும்பியதும் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "அப்படியே ஒன்ன உரிச்சு வச்ச மாதிரில்லா இருக்காவ." ஒவ்வொரு முறையும் சுடர்க்கனி பூரித்தாள். கனவில் இப்போது முகத்தோடு அம்மா வருவதாகச் சொன்னாள். கூடத்துச் சுவரில் படம் ஏறியது. பெண் குழந்தை பிறந்தது. வசந்தி என்று பெயர் வைத்தார்கள்.

தவசிதான் நிம்மதியில்லாமல் போனான். பதிவி இல்லாமல் ஒன்றைப் பார்த்துப் பழகாதவன் அவன். பதிவில் இருப்பவற்றை மனம் எளிதில் விட்டுவிடும். இது எங்கேயும் பதிவாகவில்லை என்பதாலோ என்னவோ, அவனை விட்டுப் போகவில்லை. படகில் போகும்போது, சாப்பிடும்போது, ஒரு புருவத்தை ஏற்றிக்கொண்டு அந்தப் பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள். உலகத்தில் அவள் முகம் இருக்கிற ஒரே இடம் தன் தலைக்குள்தான் என்கிற எண்ணம் அவனுக்குப் பாரமாக இருந்தது.

பிறகு அது அங்கே மட்டும் இல்லை என்று ஆயிற்று.

வசந்தி வளர வளர நெற்றி அகன்றது. மூக்கு கொஞ்சம் பெரிசாயிற்று. அவள் உயர்வகுப்புக்குப் போன ஆண்டில் மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் முளைத்தது. ஒருநாள் அவள் மேசையில் குனிந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். தவசி கூப்பிட்டான். காதில் விழவில்லை. முழங்கையைத் தட்டினான். ஒரு புருவத்தை மட்டும் ஏற்றி, தொந்தரவு செய்கிறாயே அப்பா என்கிற மாதிரி, சிரிக்கப்போகிற முகத்தோடு அவள் நிமிர்ந்தாள்.

தவசி இரண்டடி பின்னால் நகர்ந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த வாரம்தான் சுடர்க்கனி மகளின் தெத்துப்பல்லைச் சரிசெய்யப் பல் மருத்துவரிடம் நாள் வாங்கியிருந்தாள்.

"வேண்டாம்," என்றான் தவசி. "அது இருந்துட்டுப் போட்டும்."

"ஏன்? படிக்கப் போற இடத்துல ஒரு மாதிரி பாக்காவளாம். படமெடுத்தா பதிவியே அந்தப் பல்ல எடுத்துட்டுத்தான் காட்டுது. அப்புறம் எதுக்கு அது?"

"சுடரு, அது ஒங்கம்மா பல்லு."

அவள் சிரித்தாள். பிறகு அவன் சிரிக்கவில்லை என்று கவனித்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். தன்திருத்தத்தைச் சொன்னான், ஓட்டையைச் சொன்னான், படத்தில் இருப்பது யார் என்பதைச் சொன்னான். இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் கோபமில்லை. நோயாளியிடம் பேசுகிறவள் போல அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாத்தது ஒரு நொடி," என்றாள். "அதும் பதிவி இல்லாம, வெறுங்கண்ணால. அன்னைக்கே ஏதேதோ சொன்னீய, ஒண்ணும் சேரல. மனுசக் கண்ணு தப்பாப் பாக்கும்ங்க. இது பதிவுல்லா."

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"எனக்குத் தெரியாதா, எங்கம்மாவ? தெனமும் பாக்கேன்."

அவளுக்கு எடுத்துக் காட்ட அவனிடம் எதுவும் இல்லை.

பல் மருத்துவரிடம் போய்வந்த மாலை அக்கம்பக்கத்தவர்கள் வந்திருந்தார்கள். வசந்தி கூச்சத்தோடு சிரித்தாள். வரிசையான பற்கள். புருவத்தையும் ஒதுக்கிச் சமப்படுத்தியிருந்தார்கள். நெற்றியை மறைத்து முன்முடி வெட்டியிருந்தார்கள். இப்போதுதான் பிள்ளைக்குப் பாட்டி ஜாடை வந்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

சுடர்க்கனி மகளைச் சுவரில் இருந்த படத்துக்குக் கீழே நிறுத்தினாள். "நிமிந்து பாரு, வசந்தி," என்றாள். பிள்ளை நிமிர்ந்தது. அவள் மகளைப் பார்த்து இரண்டு முறை கண்சிமிட்டினாள்.

வாசலோரம் நின்ற தவசி அந்த முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். சுடர்க்கனியின் பதிவி சற்று நேரம் படத்தை ஆராய்ந்துவிட்டு, திருத்த எதுவும் இல்லை என்று அவளுக்கு அறிவித்தது.